எஃப் ஏழு

மாம்பழ சீசனில் எடைமேடைக்கு உறக்கம் இல்லை.
காவேரிப்பட்டணம் கூழ்க் கம்பெனி வாசலில்
போச்சம்பள்ளி, பர்கூர், மத்தூரிலிருந்து
பெங்களூரா ஏற்றி வந்த வண்டிகள்
நெடுஞ்சாலை வரை வால் நீட்டி நிற்கும்.

பகலுக்குத் திம்மராயன்.
இரவு எட்டுக்கு நான்.
இருவருக்கும் சேர்த்து ஒரே நாற்காலி,
முதுகு வீங்கிய ஒரே கம்ப்யூட்டர்.
அதன் மௌஸ் வயரை
நிஜ எலி ஒன்று போன வருடமே தின்றுவிட்டது.
‘அதான் கீபோர்டு இருக்கில்ல’ என்றார் மேனேஜர்.
இருந்தது.

தினமும் நான் வந்து உட்காரும்போது
திரையில் எழுத்தெல்லாம்
சுவர் விளம்பரம் போலப் பெருத்துக் கிடக்கும்.
சுருக்கி வைப்பேன்.
காலையில் அவர் பெருக்கிவிடுவார்.
நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.
பதினோரு நாள்.

பன்னிரண்டாம் நாள் காலை
டிபன் பாக்ஸை மறந்துவிட்டுத் திரும்பி வந்தேன்.
மூக்கு திரையில் உரச
ஒவ்வொரு விசையாக எண்ணி அழுத்திக்கொண்டிருந்தார்.
விண்டோஸ், ஆர்,
நான்கு எழுத்து, ஒரு புள்ளி, மூன்று எழுத்து,
என்டர்.
இடது அம்பு. இடது அம்பு.
திரை கறுத்து, டக்கென்று மீண்டு,
இப்படியே இருக்கட்டுமா என்று கேட்கிறது.
பதில் சொல்லப் பதினைந்து நொடி.
‘ஆம்’ எந்தப் பக்கம் என்று அவர் தடவுவதற்குள்
எழுத்து பழையபடி சிறுத்துப்போகிறது.
மறுபடி விண்டோஸ், ஆர்.
வெளியே ஹாரன் மேல் ஹாரன்.

அன்றிரவு வண்டி ஓய்ந்த நேரத்தில்
மேக்ரோ எழுதினேன்.
எஃப் ஏழு அவருக்கு, எஃப் எட்டு எனக்கு.
முதலில் எழுதியது அவசரக்குடுக்கை.
ஜன்னல் திறக்கும் முன்பே தட்டித் தள்ளி
வண்டி எண் கட்டத்தில்
கட்டளையைக் கொட்டிவிட்டது.
அதற்குப் பார்வை கிடையாது.
சொன்ன வரிசையில் அழுத்தும், அவ்வளவுதான்.
நடுநடுவே ‘காத்திரு’ எழுதினேன்.
இங்கே ஒரு நொடி,
கறுப்புக்கு இரண்டு,
ஆம் சொல்வதற்கு முன்னால் மூன்று.

விரலுக்குத் தட்டுப்படட்டும் என்று
பானுவின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை
எஃப் ஏழின் மேல் ஒட்டினேன்.

காலையில் அழுத்திவிட்டு
சூடு பட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டார்.
உள்ளே யாரோ டைப் அடிக்கிறார்கள் என்பதுபோல்
தலையைச் சாய்த்துக் கவனித்தார்.
எழுத்துப் பெருத்து நின்றதும்
‘இலியாசு, யார்கிட்டயும் சொல்லாதே’ என்றார்.
பொட்டையா, கண்ணையா என்று
நான் கேட்கவில்லை.

ஒன்பது நாள் கழித்து
மேனேஜர் பட்டியலோடு வந்தார்.
பகல் வண்டிகளுக்கு மட்டும் கழிவு பூஜ்யம்.
காம்புக்கும் அழுகலுக்கும்
நூற்றுக்கு மூன்று கிலோ பிடிக்க வேண்டியது.
பிடிக்கவே இல்லை. இருபது நாளாக.

அவர் போன பிறகு எஃப் ஏழை அழுத்திப் பார்த்தேன்.
வண்டி எண், பெயர், எடை மூன்றும்
தேங்காய் தேங்காயாக.
கழிவுக் கட்டம் வலப்பக்கம் தள்ளி
திரைக்கே வெளியே போய்விட்டிருந்தது.

‘பழைய மிஷின் சார்’ என்றுதான் சொல்லியிருந்தேன்.
‘நாளைக்குள்ள சரி பண்ணு.’

நான்கு விசை போதும்.
டேப், டேப், மூன்று, என்டர்.
எஃப் ஒன்பதில் வைத்துவிட்டால்
வண்டிக்கு ஒரு தட்டு.
அவர் பார்க்கவே வேண்டாம்.
அழுகல் இருக்கிறதோ இல்லையோ
இத்தனை இரவும் நான் பிடித்த அதே மூன்று.

மணி இரண்டரை.
மேடையில் நாகரசம்பட்டி டிராக்டர்.
டிரெய்லரில் பழத்தின் மேலேயே
துண்டை முகத்தில் போட்டு ஒருவர் தூங்குகிறார்.
சிவப்பு எண்கள்
அவரையும் சேர்த்துக் காட்டுகின்றன.
எழுப்பி இறக்க வேண்டும்.

டேப் எழுதிவிட்டேன். இன்னொரு டேப்.
அடுத்து ஒரு ‘காத்திரு’.
எத்தனை நொடி என்று
இன்னும் போடவில்லை.